மடித்த பக்கத்தில் நாற்பத்தொரு மாடுகள்

சின்னத்தங்கத்துக்குப் பத்து வயதாக இருக்கும்போது வாத்தியாரின் அழிறப்பரைப் பிடுங்கி வாவிக்குள் எறிந்தாள். பாடப்புத்தகத்தில் மட்டக்களப்பு வாவிக்கு ஒரு நீளம் போட்டிருந்தது. வகுப்புச் சுவரில் தொங்கிய படத்தில் இன்னொரு நீளம் போட்டிருந்தது. வாவியின் நீளம் என்ன என்ற கேள்விக்கு அவள் இரண்டையும் எழுதி, எது எங்கே இருந்தது என்றும் பக்கத்தில் குறித்து வைத்தாள். வாத்தியார் ஒன்றை அழித்தார்.

"ரெண்டும் கிடக்கு சேர். நீங்க வாவியை அளந்தா பாத்தீங்க?" என்று கேட்டாள். அடி விழுந்தது. ஒரே வாங்கில் இருந்த குற்றத்துக்காக எனக்கும் விழுந்தது. அந்த அழிறப்பரை விழுங்கிய கெளிறு ஒன்று அடுத்த மாதம் மீசையே இல்லாமல் தேற்றாத்தீவில் பிடிபட்டது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அவளுடைய கோபம் மட்டும் நான் கூட்டிச் சொல்வதல்ல. அது கூட்டாமலே பெரியது.

அவளுடைய தகப்பன் அருமைநாயகம் வட்டை விதானை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயல்பரப்பு முழுவதற்கும் எப்போது விதைப்பது, எப்போது மாடுகளை வெளியேற்றுவது என்று முடிவு சொல்கிறவர். பயிருக்குள் மாடு இறங்கினால் அது யாருடையது என்று தெரியவேண்டும். அதற்காக அவர் ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் சொந்தக்காரரின் குறியை இரும்பு காய்ச்சிச் சுடுவது வழக்கம். மாடு கைமாறினால் பழைய குறி போகாது. அதன் கீழே புதிய குறி விழும். களவுபோன மாட்டிலும் அப்படித்தான், கள்ளனின் குறி கீழே விழும். ஆகவே இரண்டு குறி உள்ள மாட்டைப் பார்த்து, அது விற்கப்பட்டதா களவெடுக்கப்பட்டதா என்று மாட்டிடம் கேட்கமுடியாது. புத்தகத்திடம்தான் கேட்கவேண்டும்.

தகப்பன் செத்ததும் விதானை வேலைக்கு வேறொரு ஆம்பிளையைத் தெரிவுசெய்தார்கள். அருமைநாயகத்தாரின் கையெழுத்தை வாசிக்க மகளைத் தவிர ஒருவராலும் முடியவில்லை. அதனால் புத்தகம் அவளிடமே தங்கிவிட்டது. தேற்றாத்தீவில் இருந்துகொண்டு, குறி சுடும் நாட்களில் தோணியேறிப் படுவான்கரைக்குப் போய் எழுதிவருவாள்.

அவளுடைய சட்டம் வேறு. தன் கண்ணால் கண்டதைக் கறுப்பு மையால் எழுதுவாள். பிறர் சொல்லக் கேட்டதைப் பென்சிலால் எழுதி, சொன்னவர் பெயரையும் போடுவாள். நினைத்ததை எழுதுவதே இல்லை. இரண்டு வரிகள் ஒன்றோடொன்று மோதினால் எதையும் வெட்டமாட்டாள். அந்தப் பக்கத்தை நடுவால் மடித்து வைப்பாள். மடித்த பக்கத்திலிருந்து ஒருவரும் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. மற்றப் பக்கங்கள் தம்பாட்டில் செல்லும். ஒரு மாட்டின் வழக்குக்காக எண்ணூறு மாட்டின் பதிவைச் சந்தேகப்படுவது மடையர் வேலை என்பாள்.

தொண்ணூறாம் ஆண்டு வந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் இரத்தம் ஓடியது. யார் தொடங்கியது என்று கேட்டால் இன்றைக்கும் ஊருக்கு ஒரு பதில் கிடைக்கும். சின்னத்தங்கத்தின் தோழி காத்தான்குடிச் சபூராவின் நாற்பத்தொரு மாடுகள் அப்போது படுவான்கரையில் சாமித்தம்பியின் பட்டியில் நின்றன. அவை சபூராவுக்குத் தாய் கைறுன்னிஸா சீதனமாகக் கொடுத்த மாடுகள். மூன்று பிள்ளைகளோடு தனித்துப்போன சபூராவுக்கு அந்த மாடுகளின் தயிரை விட்டால் சீவியம் இல்லை. சாமித்தம்பி அவற்றை வாரத்துக்கு மேய்த்தவர். பிறக்கும் கன்றுகளில் ஒரு பங்கு அவருக்கு. பாதை அடைபட்டது. சபூராவால் அக்கரைக்குப் போக ஏலாது. முஸ்லிம்களின் மாடு என்று தெரிந்தால் துவக்குக்காரர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எந்தத் துவக்குக்காரர் என்று என்னிடம் கேட்காதீர்கள். வாவியின் இரண்டு கரையிலும் துவக்கு இருந்தது, இரண்டுக்கும் ஒரே வயிறு.

சாமித்தம்பி ஆள் அனுப்பிச் சின்னத்தங்கத்தை அழைத்தார். அவள் போனபோது இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. சாமித்தம்பியின் குறி நுனி இரண்டாய்ப் பிரிந்த கவர்க்கம்பு மாதிரி, கவர் மேலே பார்த்தபடி இருக்கும். அவர் அந்த இரும்பைத் தலைகீழாகப் பிடித்தார். சபூராவின் வட்டக் குறிக்குக் கீழே, கவர் நிலத்தைப் பார்க்கும்படி, நாற்பத்தொரு மாட்டுக்கும் சுட்டார்.

"என்னண்ணன், கண் தெரியலயா? தலைகீழாச் சுடுறீங்க."

அவர் கிட்டவந்து காதுக்குள் சொன்னார். "என்ட மாடெண்டாத்தான் இதுகள் தப்பும். ஆனா என்ட மாடில்லை. நான் நாளைக்குச் செத்தாலும் மாட்டுத் தோல் சொல்லட்டும். நீ கண்டதை மட்டும் எழுது புள்ள. நான் சொன்னதை எழுதினா என்ட கழுத்துப் போகும்."

அவள் எழுதினாள். மேல்வரி, சபூராவின் மாடு. கீழ்வரி, சாமித்தம்பியின் குறி சுட்டது, கண்டது, குறி தலைகீழ். நாற்பத்தொரு தடவை 'தலைகீழ்' என்று எழுதினாள். காதில் கேட்டதைப் பென்சிலால் எழுதவில்லை. கேட்டதை எழுதாமல் விட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் பேசாமல் பானை சட்டியோடு சண்டை பிடித்தாள். அந்தப் பக்கங்களை மடித்து வைத்தாள்.

தொண்ணூற்று மூன்றில் அந்த மடிப்பைத் தேடி ஒருவர் வந்தார்.

வினாயகமூர்த்தி மாஸ்டர் முன்பு ரியூட்டரியில் கேத்திரகணிதம் படிப்பித்தவர். பிறகு துவக்குக்காரரோடு சேர்ந்து அவர்களுக்குப் பதிவுகள் பார்த்தார். மாட்டுப் பதிவை விசாரிக்கவேண்டும், புத்தகத்தோடு வா என்று சின்னத்தங்கத்துக்குக் கட்டளை வந்தது. படுவான்கரையில் ஒரு மருத மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். மாட்டுக்காரர் எல்லாரும் வெயிலில் நின்றார்கள், சாமித்தம்பியும் நின்றார். பக்கத்தில் ஒரு உழவு இயந்திரம், பெட்டியோடு. ஆட்களை ஏற்றிப்போக அது என்று எல்லாருக்கும் தெரியும்.

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டி மடிப்பில் நின்றார்.

"அக்கா, இது ஏன் மடிஞ்சு கிடக்கு?"

"மோதுது தம்பி. மோதினா மடிக்கிறது."

"என்ன மோதுது?"

"மேல்வரி சபூராட மாடு எண்டுது. கீழ்வரியில சாமித்தம்பியண்ணன் குறி சுட்டிருக்கார். வித்ததெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. ரெண்டும் நான் கண்டு எழுதினது."

"குறி தலைகீழ், குறி தலைகீழ்!" மாஸ்டர் சத்தமாக வாசித்தார். "இரும்பை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டும் தெரியாத ஆக்களா இஞ்ச இருக்கிறீங்க?" சனம் சிரித்தது. சிரிக்காவிட்டால் அதற்கும் விசாரணை வரும் என்ற பயம்.

பிறகு மாஸ்டர் விரல் மடக்கத் தொடங்கினார். "ஒரு மாட்டுக்கு ஒரு சொந்தக்காரன்தான். சரிதானே? இந்தப் புத்தகம் ரெண்டு பேர் எண்டுது. அப்ப புத்தகம் பொய். பொய்ப் புத்தகத்தை வச்சு எந்த மாட்டையும் யாருக்கும் சொல்ல ஏலாது. அப்ப இந்த வட்டையில ஒரு மாட்டுக்கும் சொந்தக்காரன் இல்லை. சொந்தக்காரன் இல்லாத மாடு எங்கட பொறுப்பு."

ஐந்து விரலை மடக்கி எண்ணூறு மாட்டை விழுங்கினான் அந்தப் படித்தவன். கொள்ளையடிக்க வந்தவன் கொள்ளையடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடித்தாலாவது ஒரு மரியாதை. கேத்திரகணிதம் எதற்கு?

"இல்லாட்டி இன்னொரு வழி இருக்கு" என்று அவர் ஒரு சிவப்புப் பேனையை நீட்டினார். "ரெண்டில ஒரு வரியை இப்பவே வெட்டுங்க. மற்ற மாடெல்லாம் தப்பும்."

சின்னத்தங்கம் பேனையை வாங்கவில்லை. மேல்வரியை வெட்டினால் சபூராவின் மாடு என்றென்றைக்கும் போகும். கீழ்வரியை வெட்டினால், அடுத்தவளின் மாட்டில் சாமித்தம்பி ஏன் தன் குறியைச் சுட்டார் என்ற கேள்வி வரும். கள்ளன், இல்லையென்றால் முஸ்லிமின் சொத்தை ஒளித்தவன். இரண்டுக்கும் உழவு இயந்திரப் பெட்டிதான். ஒன்றையும் வெட்டாவிட்டால் ஊர் மாடெல்லாம் போகும். சாமித்தம்பி அவளைப் பார்க்காமல் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்குக் கோபம் ஏறியது. வாவியில் இறால்கள் அந்த நேரம் தாமாகவே சிவந்துபோயின என்று சொன்னால், நான் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள்.

"தம்பி, நீங்க நாவற்குடா அன்னப்பூரணியக்காட மகன்தானே?"

மாஸ்டர் நிமிர்ந்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன?"

"போன மாசியில உங்கட முப்பத்தோராம் நாள். நானும் வந்து சோறு திண்டன். கத்தரிக்காயில உப்புக் கூட."

நடந்தது இதுதான். மகனைத் தேடி வீட்டுக்கு ஆமிக்காரர் வந்துகொண்டே இருந்தார்கள். தொல்லை தாங்காமல் அன்னப்பூரணி மகன் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தாள், படத்துக்கு மாலை போட்டாள், முப்பத்தோராம் நாள் அமுதும் கொடுத்தாள். அதன்பிறகு அவர்கள் வரவில்லை.

சின்னத்தங்கம் புத்தகத்தைப் பறித்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். அந்த வருடங்களில் அவள் அங்கே மனிதரையும் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"இஞ்ச பாருங்க. 'வினாயகமூர்த்தி, செத்தது, தாய் சொன்னது.' பென்சில். இப்ப நீங்க எனக்கு முன்னால குந்திக்கொண்டு இருக்கிறீங்க. இதைக் கறுப்பு மையால எழுதோணும். ரெண்டும் மோதுது. ஒரு மனிசன் ஒண்டில் உசிரோட இருக்கோணும், இல்லாட்டிச் செத்திருக்கோணும். சரிதானே மாஸ்டர்? அப்ப என்ட புத்தகம் பொய். அதை நம்பி ஆரையும் உசிரோட இருக்கிறதெண்டு சொல்ல ஏலாது. உங்கட விரல் கணக்குப்படி மட்டக்களப்பில ஒரு சனமும் உசிரோட இல்லை. இஞ்ச நிக்கிற நாங்க அவ்வளவு பேரும் பேய். பேய்களிட்ட என்னத்துக்கு மாடு கேக்க வந்தனீங்க?"

ஒருவர் சிரித்தார். இந்தமுறை பயத்தில் அல்ல. துவக்கோடு நின்றவன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அந்தச் சிவத்தப் பேனையைத் தாங்க. வெட்டுறதெண்டா முதல் உங்களை வெட்டுறன். எந்த வரியை வெட்ட? உங்கட அம்மா சொன்னதையா? இருக்கிற உங்களையா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

மாஸ்டர் பேனையைக் கொடுக்கவில்லை. மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மா எப்பிடி இருக்கா?"

"கண்டதைச் சொல்லவா, கேட்டதைச் சொல்லவா?"

"கண்டதை."

"காலையில உங்கட படத்துக்குப் பூ வைக்கிறா. மறுகா குசினிக்குள்ள போய் உங்களுக்கும் ஒரு கோப்பையில சோறு போட்டு மூடி வைக்கிறா."

மாஸ்டர் புத்தகத்தை மூடி அவளிடம் தள்ளினார். "மடிச்சே கிடக்கட்டும்" என்றார்.

"மடிச்ச பக்கத்தில இருந்து ஒருத்தரும் ஒண்டும் எடுக்க ஏலாது. சபூராவும் ஏலாது, சாமித்தம்பியண்ணனும் ஏலாது. நீங்களும் ஏலாது."

"ஓம்" என்றார் அவர்.

போகும்போது அவரோடு வந்தவர்கள் வேறொருவரின் இரண்டு எருதுகளைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணையும் இல்லை, விரல் கணக்கும் இல்லை. சின்னத்தங்கம் அதையும் கறுப்பு மையில் எழுதினாள், எருதின் நிறத்தோடு.

இதற்காகச் சபூரா அவளைக் கும்பிட்டாள் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வருடம் பாதை கொஞ்சம் திறந்ததும் பஸ் ஏறித் தேற்றாத்தீவுக்கே வந்து வாசலில் நின்று கத்தினாள்.

"எண்ட உம்மா தந்த மாட்டை ரெண்டு பேருக்கு எழுதி வச்சிருக்கியாமே! எண்ட மாடெண்டு எழுதித் தா தங்கம். மற்ற வரியை வெட்டு!"

"வெட்ட ஏலாது. கண்டது."

"சாமித்தம்பி எண்ட மாட்டுல ஏன் குறி சுட்ட? நீ பாத்துக்கொண்டுதானே நிண்ட? கேக்கல்லயா?"

சின்னத்தங்கத்துக்குக் காரணம் தெரியும். சொன்னால் அது காத்தான்குடிக்குப் போகும், போனது அதே பஸ்ஸில் திரும்பி வரும், வாவியையும் கடக்கும். சாமித்தம்பி இன்னும் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல்ல" என்றாள். தோழிக்குச் சொன்ன பொய். அதைப் புத்தகத்தில் எந்த மையால் எழுதுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீயும் கள்ளிதான்" என்றாள் சபூரா. கொண்டுவந்த தொதல் இனிப்புப் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தொண்ணூற்றேழில் சாமித்தம்பி பட்டிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து செத்தார். காரணம் தெரிந்த இருவரில் ஒருவர் போனார். பட்டியை மகள் புஸ்பம் எடுத்தாள். ஷெல்லுக்கும் யானைக்கும் துவக்குக்காரருக்கும் நடுவில் ஐந்து வருடம் தனியாக மேய்த்தாள்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றது. நின்றது என்று ஒரு தாளில் எழுதினார்கள், அதைச் சொல்கிறேன். சபூரா தோணியேறிப் படுவான்கரைக்கு வந்தாள். சின்னத்தங்கமும் புத்தகத்தோடு வந்தாள். தோணியில் ஆளுக்கொரு முனையில் இருந்தார்கள்.

புஸ்பம் பட்டி வாசலில் கத்தியோடு நின்றாள். அது வேலிக்கு அலம்பல் வெட்டுகிற கத்திதான், ஆனால் அவள் பிடித்த விதம் வேறு.

"அப்பா குறி சுட்ட மாடு. எங்கட மாடு. ஒண்டும் தரமாட்டன்."

இந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அதுதான். சின்னத்தங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு வருடம் தொண்டைக்குள் கிடந்ததைச் சொன்னாள். காதுக்குள் சாமித்தம்பி சொன்னது, சொன்ன இடம், காய்ந்துகொண்டிருந்த இரும்பு, எல்லாவற்றையும். சபூரா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். புஸ்பம் அசையவில்லை.

"மாமி, அது கேட்டது. உங்கட சட்டப்படி பென்சில். அந்தப் பென்சிலும் புத்தகத்தில இல்லை. செத்த மனிசன் வந்து சொல்லவா போறார்? இப்ப எழுதினா நான் என்னண்டு நம்புற?"

சரியான கேள்வி. தன் சட்டமே தன் கழுத்தைப் பிடித்த கோபத்தில் சின்னத்தங்கம் புத்தகத்தை நிலத்தில் அடித்தாள். பிறகு குந்தி, மடிப்பை விரித்தாள்.

"சரி. நான் சொன்னதை விடு. கண்டதைப் பாப்பம். உன்ட அப்பாட சொந்த மாட்டில கவர் எந்தப் பக்கம்?"

"மேல."

"இதுகள்ள?"

புஸ்பம் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த மாடுகள். தினமும் பார்த்ததை ஒருநாளும் கேட்டதில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். மிச்சமிருந்த கிழட்டு மாடு பதினேழு. ஒவ்வொன்றின் மயிரையும் விலக்கிப் பார்த்தாள். வட்டம், அதற்குக் கீழே நிலத்தைப் பார்க்கும் கவர். வட்டம், நிலத்தைப் பார்க்கும் கவர். அவற்றின் கன்றுகளிலோ ஒரு குறியும் இல்லை. ஒன்றுக்கும் அப்பா சுடவில்லை. ஒரு மாட்டில் என்றால் கை தவறியது எனலாம். நாற்பத்தொரு மாட்டில் தவறுகிற கையைப் புஸ்பம் அறியாள். அவளுடைய அப்பா இருட்டிலும் குறி பிழைக்காத மனிதர்.

வேலிக் கட்டையைக் காலால் உதைத்தாள்.

"ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செத்திருக்கக் கூடாதா இந்த மனிசன்! மகளெண்டு ஒருத்தி இருக்கிறது தெரியாதா? ஊரான்ட மாட்டுக்காகவா நான் ஷெல்லுக்குள்ள படுத்துக் கிடந்த நான்!"

அழுதாள் என்று எழுதமாட்டேன். நான் அங்கே இல்லை. பட்டி வாசலின் கடப்பைத் திறந்தாள். அதைக் கண்டவர் இருவர்.

சபூரா உள்ளே போய், தாய் வைத்த பெயர்களால் மாடுகளைக் கூப்பிட்டாள். ஒன்றும் திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டாள். ஒரு கிழட்டுச் சிவப்பி அசைபோடுவதை நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி அசைபோட்டது.

"எண்ட மாடு! எண்ட மாட்டுக்கு என்னைத் தெரியல்ல!" சபூரா சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பிக் கத்தினாள். "பன்னிரண்டு வருசம் எண்ட மாட்டை மடிச்சு வச்சிருந்தியே தங்கம், பாரு இப்ப!"

"மடிக்காட்டி எலும்புகூட மிஞ்சியிராதுகா!"

"அது வேற கதை! எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?"

சின்னத்தங்கம் புத்தகத்தை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

புஸ்பம் கீழே கிடந்த கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாக்கால் ஒரு சத்தம் போட்டாள். பட்டி முழுவதும் எழும்பி அவள் பின்னால் துறைப் பக்கம் நடந்தது. சபூரா தன் மாடுகளுக்குப் பின்னால் நடந்தாள். வழிநெடுகப் புஸ்பம் செத்த தகப்பனை ஏசிக்கொண்டே போனாள். மாடுகளுக்கு அந்தப் பேச்சு பழக்கம்.

"பால் கறக்கிறதுக்கும் இவதான் வரோணும் போல" என்றாள் சபூரா, யாருக்கு என்றில்லாமல்.

"வாரத்துக்கெண்டா வருவன். சும்மா வரமாட்டன்" என்றாள் புஸ்பம் திரும்பாமல்.

சின்னத்தங்கம் நடந்தபடியே புத்தகத்தில் எழுதினாள். சபூரா எட்டிப் பார்த்தாள். 'மாடு சபூராவுடையது. கூட்டிக்கொண்டு போனது புஸ்பம். மாடு சபூராவை அறியவில்லை. கண்டது.'

"கடைசி வரியை எழுதாத தங்கம். மானம் போகுது. அதை மட்டும் வெட்டு."

"எழுதியாச்சு" என்றாள் அவள்.